மேடை ஏறிய வரிசை

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் சேலத்தில் வேறொரு கல்லூரிக்கு, இதே கலைநிகழ்ச்சி வேலைக்குப் போகிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். அந்த நாற்காலியின் கணக்கில் நான் ஓய்வு பெற்றவள்தான். ஆகவே எழுதுகிறேன்.

இந்தப் பருவத்து நிகழ்ச்சிகளைச் சுவரில் ஒட்டியாயிற்று. வௌவால்களைப் பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவு, ஒரு வீணைக் கச்சேரி, மிளகுக் கொடியைப் பற்றி ஓர் உரை, பொம்மலாட்டம், மாணவிகளின் பறையாட்டம். நான் இருக்க மாட்டேன். பொறாமையாக இருக்கிறது. குறிப்பாக அந்த வௌவால் பேராசிரியர் வரும்போது நம் அரங்கத்துக் கூரையில் தொங்கும் நான்கைந்து வௌவால்கள் என்ன செய்யப் போகின்றன என்பதைப் பார்க்க ஆசை.

அரங்கத்துக்கு எப்படி அனுமதி வாங்குவது, மைக்காரருக்கு எப்போது சொல்வது, நாற்காலிகளை எந்த வகுப்பிலிருந்து எடுப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு மாதத்தில் தானாகவே வந்துவிடும். ஏற்காட்டு மலைப்பாதை வளைவுகளில் ஏறி வருகிற பேச்சாளருக்கு இறங்கியவுடன் டீ கொடுக்காதீர்கள். முதலில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, மரத்தடியில் தனியாக விட்டுவிடுங்கள். சிறிது நேரம் கழித்து அவரே மனிதராகத் திரும்பி வருவார். காட்டெருமை வளாகத்துக்குள் வந்துவிட்டால் நிகழ்ச்சியைத் தள்ளிப் போடுங்கள், காட்டெருமையைத் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். சின்னச் சின்னச் சங்கதிகள் இவ்வளவுதான். மீதி எல்லாம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான் கற்றுக்கொண்டது.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வரி. வெள்ளக்கடைப் பக்கம் காப்பி எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். முதல் பட்டதாரி என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடியாகத் துடைக்கப்படுவது அதுதான்.

இந்த வேலையில் சேர்ந்ததும் நான் கேட்டு வாங்கிய முதல் விஷயம், நம் நிகழ்ச்சிகளுக்கு ஊர் மக்களையும் அழைப்பது. கல்லூரியில் வயலின் வாசிக்கிறார்கள், நாடகம் போடுகிறார்கள், மேலே நட்சத்திரம் எப்படி எரிகிறது என்று ஒருவர் சொல்கிறார். கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் ஏன் உள்ளே வந்து கேட்கக் கூடாது? தாளாளர் ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் நிகழ்ச்சிக்கு ஊரிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. ஒரு மாலை, இரண்டு நாய்கள் மட்டும் வந்து கடைசிவரை இருந்தன.

தாளாளர் கெட்டவர் அல்ல. என்னைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "வெளியில இருக்கறவங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராதும்மா. இன்னொரு தடவை பாப்போம். அப்பவும் வரலைன்னா கேட்டைச் சாத்திடலாம். நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துவோம்."

வெளியில் இருக்கிறவர்கள் என்றால் யார்? என் அம்மா. அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கிறவர்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்த இன்னொரு தடவையில் அரங்கத்தை நிரப்பிக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சவால் விட்டேன். எப்படி நிரப்புவது என்றுதான் தெரியவில்லை.

அந்த நிகழ்ச்சி இரண்டு பகுதி. முதலில் மூடுபனி எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி ஒரு பேராசிரியரின் சிறப்புரை. அதன் பிறகு சென்னையிலிருந்து வந்த ஒரு நடிகரின் ஓராள் நாடகம். நாடகத்தின் பெயர் 'மனு வாங்குகிறவர்'. நடிகர் போனில் சொல்லியிருந்தார். "நாடகம்னு போடாதீங்க. தலைப்பை மட்டும் போடுங்க. என்னவா இருக்கும்னு ஆவல் வரும்." நானும் அப்படியே செய்தேன்.

அறிவிப்பை நானே எழுதினேன். என் தமிழ் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் லைனில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையாக நான் மட்டுமே இருந்த காலத்தில், வரும் நோட்டீஸ்களை எல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டியது நான்தான். கண் முகாம், மாட்டு முகாம், ஆதார் அட்டை திருத்தும் முகாம். அத்தனையும் ஒரே மாதிரி முடியும். அந்த முடிவை வாசிக்கும்போது என் குரல் தானாகவே நிமிர்ந்து நிற்கும். ஆகவே என் அறிவிப்பையும் அப்படியே முடித்தேன்:

"வருகிற ஞாயிறு பிற்பகல், கல்லூரிக் கலையரங்கில், பேராசிரியரின் சிறப்புரை. தொடர்ந்து, மனு வாங்குகிறவர். அனுமதி இலவசம். பொதுமக்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொண்டு பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

நீங்கள் கெட்டிக்காரராக இருந்தால் இந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிற செல்வம் அண்ணனை இதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜீப்பின் தலையில் ஒலிபெருக்கி கட்டியிருப்பவர். அவரிடம் தாளைக் கொடுத்தேன்.

"இதையே படிச்சறட்டுங்களா சாமி?"

"ஒரு எழுத்து மாத்தாமப் படியுங்கண்ணா."

அவர் ஒரு தரம் வாய்க்குள் ஓட்டிப் பார்த்தார். "நொம்ப நல்ல காரியமுங்க. மக்களுக்குத் தேவையானது. எத்தன தடவ வேணும்னாலும் சொல்றனுங்க."

வயலின், நாடகம் எதற்கும் வாய் திறக்காத மனிதர் இதைத் தேவையானது என்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மஞ்சக்குட்டை, வாழவந்தி, வெள்ளக்கடை என்று அவர் ஒரு வளைவு விடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பாட்டு வேளை முடிந்ததும் கேட்டருகே ஜீப் சத்தம். இன்னொரு ஜீப். பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டம். பைக்கில் மூன்று மூன்று பேராக. பனி இறங்கிக்கொண்டிருந்தது, அதற்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலை, தேய்த்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அரங்கத்து நாற்காலிகள் போதவில்லை. மாணவர்கள் வகுப்புகளிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் வாசலுக்கும் மேடைக்கும் இடையே பறந்துகொண்டிருந்தேன். யாராவது அப்போது என்னை நிறுத்தி உன் பெயர் என்ன என்று கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. பார்த்தேன். பனியில் போன் நனையாமல் இருக்க எடுத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாளாளர் உள்ளே வந்து, அப்படியே நின்றுவிட்டார். "எல்லாம் நம்ம ஊர்க்காரங்களா?"

"ஆமாங்க சார்" என்றேன். என் முகத்தில் அப்போது எத்தனை பல் தெரிந்ததோ.

பேராசிரியர் பேச ஆரம்பித்தார். காற்று குளிர்வது, ஈரம் துளியாவது, சேலத்துச் சூடு மலை மேல் ஏறி வந்து வெண்மையாவது. அரங்கத்தில் ஓர் இருமல் இல்லை. யாரும் போனைத் தொடவில்லை. கவரை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் மாணவர்கள்கூட அந்த ஒழுங்கைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேராசிரியருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. தயாரித்து வந்ததைத் தாண்டிப் பேசினார். தன் சின்ன வயசுப் பனியைப் பற்றியெல்லாம் பேசினார். பிறகு, "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்றார்.

பின் வரிசையில் ஒருவர் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். "ஏனுங்க, மனு எப்பங்க வாங்குவாங்க?"

பேராசிரியர் அகமகிழ்ந்து சொன்னார். "இதோ, அடுத்தது அதுதான்."

அன்றைய நிகழ்ச்சியின் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

மேடையின் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்தக் கைதட்டலில் ஏதோ இடறியது. நாடகத்துக்கு இப்படித் தட்ட மாட்டார்கள். முன் வரிசை ஓரத்தில் இருந்தவர் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே போன் இல்லை. ஆதார் ஜெராக்ஸ். அதன் மேல் கிளிப் குத்திய பாஸ்போர்ட் போட்டோ. பக்கத்தில் இருந்தவரும் பிரித்தார். ஜெராக்ஸ். அதற்குப் பக்கத்திலும்.

மனு வாங்குகிறவர். அனைவரும் தவறாமல் கலந்துகொண்டு. பயன்பெறுமாறு.

என் அழகான அறிவிப்பு, செல்வம் அண்ணனின் குரலில், முதல் முறையாக என் காதில் விழுந்தது. அவர்கள் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் எழுதியதைத்தான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். முகாம் என்றால் முதலில் ஓர் அதிகாரி பேசுவார், அதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். அதனால்தான் மூடுபனிக்கு அந்த மரியாதை.

திரையை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவதற்குள் திரை திறந்துவிட்டது.

மேடையில் ஒரு மேசை. அடுக்கடுக்காகக் கோப்புகள். மேசைமணி. மூக்கு நுனியில் கண்ணாடியோடு நடிகர் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். மணியை ஒரு தட்டு தட்டி, நாடகத்தின் முதல் வசனத்தைச் சொன்னார்.

"அடுத்தது யாரு? வரிசையா வாங்க."

ஒத்திகையில் எனக்குக் கதை சொல்லியிருந்தார். மனு வாங்க உட்கார்ந்திருக்கும் ஒரு தனியான மனிதன். யாருமே வருவதில்லை. அவன் வெறும் அறையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். எல்லா ஊரிலும் அந்த முதல் வசனத்துக்குப் பிறகு நீண்ட மௌனம் இருக்குமாம். அந்த மௌனத்தில்தான் நாடகமே இருக்கிறதாம்.

ஏற்காட்டில் அரங்கமே எழுந்தது.

யாரும் தள்ளிக்கொள்ளவில்லை. பழக்கப்பட்டவர்கள். நிதானமாக, ஒழுங்காக, படிக்கட்டு வழியாக மேடை ஏறி, மேசைக்கு முன் வரிசையாக நின்றார்கள். வரிசையின் வால் அரங்கத்தின் கதவு வரை போனது. நடிகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்ததை நடிப்பு என்று சொல்ல முடியாது.

வரிசையின் முதலில் மஞ்சக்குட்டையைச் சேர்ந்த சின்னப்பொண்ணு அக்கா நின்றார். எங்கள் அம்மாவோடு சில காலம் வேலை பார்த்தவர். அவரிடம் பேச்சுக் கொடுத்து ஜெயித்தவர்கள் மலையில் குறைவு.

நடிகர் தட்டுத் தடுமாறி, "பேரு?" என்றார்.

"சின்னப்பொண்ணுங்க."

அவர் நகலைப் பார்த்தார். "இதுல சின்னப்பன்னு இருக்குதே."

"அதுக்குத்தானுங்க வந்திருக்கறன். நல்லாப் பாருங்க. நான் ஆம்பளைங்களா?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "ஏனுங்கக்கா, பேர மாத்தறதுக்குப் பதிலா ஒரு மீச வெச்சுக்கிட்டா வேல சுளுவா முடிஞ்சுருமுங்க" என்றார்.

"நீ பேசாத. உன்ற அட்டையில போட்டோ இருக்குது, அதுல மூஞ்சியவே காணோம்."

மாணவர்கள் விசில் அடித்தார்கள். முன் வரிசையில் தாளாளர் பேராசிரியரின் பக்கம் சாய்ந்து சொல்வது எனக்குக் கேட்டது. "பார்வையாளர்களையே நடிக்க வைக்கறாங்க பாருங்க. இப்ப இதுதான் புது முறை." பேராசிரியர் தலையை ஆட்டினார். தாளாளர் திரும்பி என்னைத் தேடி, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள்.

அரங்கம் நிரம்பி வழிகிறது. கேட்டைச் சாத்தும் பேச்சு இனி எழாது. தாளாளருக்குச் சந்தோஷம், மாணவர்களுக்குச் சந்தோஷம், நடிகர்கூடச் சமாளித்துக்கொண்டு, "சரிம்மா, வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்று பழகிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே மிக வெற்றிகரமான நிகழ்ச்சி என்று எழுதிவிடுவார்கள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் அது நாடகம் என்று தெரியாது. சின்னப்பொண்ணு அக்கா தன் பெயர் திரும்பக் கிடைக்கும் என்று நம்பி வீட்டுக்குப் போவார். எத்தனை மாதம் காத்திருப்பாரோ. நான் பேசினாலோ, எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நிரம்பியது தவறால் நிரம்பியது என்று தாளாளருக்குத் தெரிந்துவிடும். நான் ஆசைப்பட்டுத் திறந்த கேட்டை நானே சாத்தியது போல ஆகும்.

ஆனாலும் நான் உடனே பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடகம் முடிந்தபின் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று மனம் ஒரு மூலையில் கணக்குப் போட்டுப் பார்த்தது. அப்போது வரிசையின் நடுவில், மெரூன் சேலையில், ஜெராக்ஸை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு முகம் கண்ணில் பட்டது.

என் அம்மா.

நான் வரிசைக்கு ஓடினேன். அம்மா என்னைப் பார்த்து முகம் சுளித்தார். "முன்னாடி பூராத கண்ணு. வரிசையில வா. ஆபீசுல வேல செய்யறன்னு உனக்குத் தனி வழியா?"

"அம்மா, நீ எதுக்கு வந்த?"

"மனு குடுக்கறதுக்கு."

"என்ன மனு?"

"அது தெரியல. எல்லாரும் குடுக்கறாங்க. மொதல்ல ஜெராக்ஸக் குடுத்துட்டா எதுக்குன்னு அப்பறம் சொல்லுவாங்கல்ல."

"காலைல ஊட்டுல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உனக்குத் தெரியாதா? முகாம் நடத்தறவளே நீதான."

அம்மாவுக்கு அதுதான் என் உத்தியோகம். ஆபீசில் நிகழ்ச்சி, ஆபீசில் நிகழ்ச்சி என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் முகாம் என்றே விழுந்திருக்கிறது. படித்த மகள் ஜனங்களுக்கு முகாம் நடத்துகிறாள் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். என் அம்மாவின் கையிலிருந்து ஒரு நடிகர் அந்த ஜெராக்ஸை வாங்கி, பொய்க் கோப்பில் வைப்பதை நான் நின்று பார்க்க வேண்டுமா? அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் என்னை மன்னிக்கோணுமுங்க. இது முகாம் இல்லீங்க. இவரு மனு வாங்கற ஆபீசர் இல்லீங்க. இது நாடகமுங்க. நாடகத்துக்குப் பேருதான் 'மனு வாங்குகிறவர்'. நான் எழுதுன அறிவிப்புல நாடகம்னு போடலீங்க. தப்பு எம்மேலதானுங்க."

மௌனம். நடிகர் எல்லா ஊரிலும் கேட்டுப் பழகியிருந்த அந்த மௌனம் கடைசியில் ஏற்காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

சின்னப்பொண்ணு அக்கா நடிகரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க ஆபீசர் இல்லீங்களா?"

நடிகர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லீங்க. நடிகன்."

"ஜெராக்ஸத் திருப்பிக் குடுங்க."

கொடுத்தார். வரிசை கலைந்தது. ஒருவர் கவரை மடித்து இடுப்பில் செருகினார். கதவருகே நின்றவர்கள் வெளியே பனியைப் பார்த்தார்கள். ஜீப் வெளியில்தான் நின்றது. தாளாளரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கும் தைரியம் இல்லை. மைக் இன்னும் என் கையில் இருந்தது. "இருந்து நாடகத்தப் பாத்துட்டுப் போங்க" என்றேன்.

மேடைப் படியில் இறங்கிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு அக்கா திரும்பினார்.

"பாக்கறதுக்கு ஆதார் வேணுமுங்களா?"

"வேண்டாமுங்க."

"போட்டோ?"

"வேண்டாமுங்க."

"கையெழுத்து, ரேக?"

"ஒண்ணும் வேண்டாமுங்க."

"பாத்தா என்ன கெடைக்கும்?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பெரிய பெரிய சொற்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை. "ஒண்ணும் கெடைக்காதுங்க" என்றேன்.

"பாக்காட்டி?"

"ஒண்ணும் போவாதுங்க."

"அப்பறம் எதுக்கு?"

"சும்மாங்க."

"சும்மாவா?" அவர் அந்தச் சொல்லைக் கையில் வைத்து எடை பார்ப்பது போல நின்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "ஏ புள்ளைகளா, இது சும்மாவாமா. நம்மள எவன் சும்மாக் கூப்புட்டான்? ஒக்காருங்க, பாப்போம்."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. போனவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரங்கம் காலியாகவில்லை.

நடிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோப்புகளைச் சரிசெய்து, மறுபடி மணியைத் தட்டினார். "அடுத்தது யாரு? வரிசையா வாங்க."

இந்த முறை யாரும் எழவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். தங்களைத் தாங்களே பார்த்துச் சிரித்தார்கள். அதன்பின் நாடகம் நடிகரின் கையில் இல்லை. அவர் "நாளைக்கு வாங்க" என்றால் கீழிருந்து, "நாளைக்கு லீவுங்க" என்று பதில் வந்தது. அவர் பேனாவைத் தேடினால், "காதுல இருக்குதுங்க" என்றார்கள். அவர் டீ குடிக்கப் போனபோது ஒரு பெண்மணி, "போனா வரமாட்டாரு, நான் பாத்திருக்கறன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் உறுதியாகச் சொன்னார். நடிகர் சிரிப்பை அடக்க முகத்தைக் கோப்புக்குள் மறைத்துக்கொண்டதை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் அந்த மனு வாங்குகிறவன் கெஞ்சுவான். இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறேன், ஒரே ஒரு மனு கொடுங்கள், நான் யாருக்காவது தேவைப்பட வேண்டும் என்று அழுவான். விளக்கு ஒவ்வொன்றாக அணையும். யாரும் வராமலே முடிந்துவிடும். அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

விளக்கு பாதி அணைந்தபோது முன் பெஞ்சில் ஓர் அசைவு. சின்னப்பொண்ணு அக்கா எழுந்து, மேடை ஏறி, தன் ஜெராக்ஸை மேசை மேல் வைத்தார்.

"இந்தாங்க சாமி, எம்பட மனு. திருத்தித் தர வேண்டாம். சும்மா வெச்சுக்கங்க. அழுவாதீங்க."

நடிகர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, மை தொட்டு, தன் உள்ளங்கையிலேயே ஒரு குத்து குத்தி, அக்காவைக் கும்பிட்டார். அத்துடன் நாடகம் முடிந்தது. அந்த முடிவுக்காக அவர் இப்போது எல்லா ஊரிலும் கடைசி விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறார் என்று பிறகு போனில் சொன்னார். ஆனால் வேறெங்கும் யாரும் எழுந்து வருவதில்லையாம்.

இறங்கி வரும்போது நான் அக்காவிடம், "பேரு திருத்தறதுக்குத் திங்கக்கெழம நான் கூட வர்றனுங்கக்கா" என்றேன். "வா. உன்ற அறிவிப்ப மட்டும் எடுத்துக்கிட்டு வராத" என்றார். போனோம். பெயர் திருந்தி வந்தது.

தாளாளர் வாசலில் எனக்காக நின்றிருந்தார். "அடுத்த அறிவிப்பை எங்கிட்டக் காட்டிட்டு அனுப்பும்மா" என்றார். அடுத்த அறிவிப்பு என்று சொன்னார். கவனித்தீர்களா? நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்த் தனியாக ஒரு குதி குதித்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் எழுதும் அறிவிப்பை, அதைக் கேட்கப் போகிறவர்களின் ஊரில் நின்று, இன்னொருவர் வாயிலிருந்து ஒரு முறை கேளுங்கள். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், வருகிறவர்களின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது முகத்தைவிடக் கையில்தான் முதலில் தெரியும். தவறான காரணத்துக்காக அரங்கம் நிரம்பிவிட்டால், நிரம்பியிருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நடுக்கமாக இருக்கும். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் வெளியே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த மாதம் ஒரு புல்லாங்குழல் கச்சேரி வைத்தோம். தாளாளரிடம் கேட்டுக்கொண்டு, செல்வம் அண்ணனிடம் நான் தாளே கொடுக்கவில்லை. "நீங்களே உங்களுக்குத் தோணறதச் சொல்லுங்கண்ணா" என்றேன். அவர் வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு போனதை நானும் ஜீப்பில் உட்கார்ந்து கேட்டேன். "காலேசுல புல்லாங்குழல் ஊதறாங்க. அட்ட வேண்டாம், போட்டோ வேண்டாம், ஒரு பிரயோசனமும் இல்ல. சும்மா வாங்க."

அன்று பிற்பகல் நான் கேட்டருகே நின்று வருகிறவர்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் போன தடவை அளவுக்கு இல்லை. ஆனால் வந்தார்கள். பனிக்குள்ளிருந்து, கையை வீசிக்கொண்டு, கடலையைக் கொறித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையிலும் ஒரு தாள் இல்லை.

அம்மாவும் வந்தார். அரங்கத்து வாசலில் நின்று உள்ளே பார்த்தார். "எங்க ஒக்காரட்டும் கண்ணு?"

"எங்க வேணும்னாலும் ஒக்காரும்மா."

"எங்க வேணும்னாலுமா?"

"ஆமா."

அம்மா பின் பெஞ்சுகளைக் கடந்தார். மாணவர்களைக் கடந்தார். நேராக முதல் வரிசைக்குப் போய், தாளாளருக்குப் பக்கத்து நாற்காலியில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.